பதினோராம் கேள்விக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி

புதிதாகக் கணக்கெடுக்கப் போகிற பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகத்தில் போட என் அனுபவத்தை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நல்லதாக நாலு வார்த்தை எழுதுங்கள் என்றார்கள். நல்லதாக எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன். போடுவதும் விடுவதும் அவர்கள் இஷ்டம்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. பதினேழு வருஷம், உடம்பைப் பற்றி விசாரிக்கிற ஆய்வுக்காகப் பெண்களிடம் கேள்வித்தாள் தூக்கிக்கொண்டு போனேன். பரளச்சி, திருச்சுழி, பந்தல்குடி, மல்லாங்கிணறு என்று இந்தப் பக்கத்தில் நான் ஏறாத வாசல் குறைவு. கையெழுத்து நன்றாக இருக்கிறது, பெண்கள் இவளிடம் பேசுகிறார்கள் என்று வேலைக்கு எடுத்தார்கள். போன மாசியோடு நின்றுவிட்டேன். முழங்கால் கேட்கவில்லை.

உங்களிடம் இப்போது தாள் கிடையாது. சிலேட்டு மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். விரலால் தொட்டால் அடுத்த கேள்வி வருகிறது. என் காலத்தில் அம்புக்குறி தாளில் அச்சடித்து இருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது. உங்களுடையதில் அதுவும் தெரியாது. எந்தக் கேள்வியைத் தாண்டினோம் என்று தெரியாமலே தாண்டிப் போய்விடுவீர்கள். அந்தப் பயத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

இந்தத் தாளுக்கு ‘சுயமாகத் தெரிவிக்கும் வினாத்தாள்’ என்று பெயர். ஒருத்தி உடம்பைப் பற்றி அவளே சொல்வாள், நாம் குறித்துக்கொள்வோம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் சொல்வதற்கும் கட்டத்துக்குள் டிக் விழுவதற்கும் நடுவில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறது. அது நாம். கெடுதல் அங்கே நடக்கிறது.

மருத்துவக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளை எங்களோடு அனுப்புவார்கள். கிராமத்துப் பெண்களிடம் பேசிப் பழகட்டும் என்று. ஒரு தம்பி வந்தான். சித்திரை வெயிலிலும் வெள்ளைக் கோட்டைக் கழற்றமாட்டான். பந்தல்குடிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மா கொத்தமல்லி புடைத்துக்கொண்டிருந்தது. இவன் எதிரில் நின்று தாளைப் பார்த்து வாசித்தான்.

“உங்கள் உடல்நிலையை எவ்வாறு மதிப்பிடுவீர்கள்?”

அந்த அம்மா சுளகை நிறுத்தவில்லை. “என்னமோ இருக்கேன்யா.”

இவன் ‘நன்று’ என்ற கட்டத்தில் டிக் போட்டான்.

“தம்பி, என்ன போட்ட?”

“நன்றுன்னு போட்டேன்க்கா. இருக்கேன்னுதானே சொன்னாங்க?”

“இருக்கேன்னா இன்னும் சாகலன்னு அர்த்தம். அதுக்கு டிக் போட்டுட்டியா? ஒக்காரு. எது முடியலன்னு கேளு.”

அவன் உட்கார்ந்து கேட்டான். குனிந்தால் நிமிர முடியவில்லை, இருமினால் சேலை நனைகிறது, மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு அடிவயிறு இறங்கினது மாதிரி இருக்கிறது, அது ஆகிவிட்டது பதினாலு வருஷம். ஒவ்வொன்றாக வந்தது. அவன் கோட்டெல்லாம் வேர்வை.

“ஏந்தாயி, டாக்டருக்குப் படிக்கிறவரா இவரு? இருக்கேன்னா இவருக்கு வெளங்கலையே. இவருகிட்டக் காலுல வலின்னா காதுல ஊசி போடுவாரு போல,” என்று அந்த அம்மா சிரித்தது.

அவன் சிரிக்கவில்லை. ‘நன்று’ என்பதை அடித்தான். அவன் உருப்படுவான்.

பெண் பிள்ளைகள் ஒழுங்கு என்று நினைக்காதீர்கள். பயிற்சி வகுப்பில் ஒரு நாள் அதே தாளை அவர்களிடமே கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். காலையிலிருந்து ஒரு பெண் மேசையில் கவிழ்ந்து கிடந்தது. டீ குடிக்கவில்லை. வயிற்றில் தண்ணீர்ப் பாட்டிலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தது. தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். ‘மாதவிடாய் வலி: இல்லை.’

“ஏன் தாயி, இல்லைன்னு போட்டிருக்க?”

“பக்கத்துல இருக்கவ பாக்குறாக்கா.”

டாக்டருக்குப் படிக்கிற பெண், தோழி பார்க்கிறாள் என்று இல்லை என்று போடுகிறது. மாமியார் மூன்றடி தள்ளி உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்க, மருமகள் மட்டும் உண்மை சொல்லிவிடுவாளா? ‘இல்லை’ என்று வந்தால் உடனே டிக் போடாதீர்கள். யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். தண்ணீர் கேளுங்கள். மாமியார் எழுந்து உள்ளே போகட்டும். அப்புறம் கேளுங்கள்.

இதெல்லாம் சின்னத் தப்பு. ஆளைக் கொல்லாது. இனி எழுதப்போவது கொன்ற தப்பு. அது என்னுடையது.

பரளச்சியிலிருந்து உள்ளே தள்ளி ஓர் ஊர். சீனியம்மாள் அங்கே கரிமூட்டத்தில் வேலை செய்தாள். வேலிக்கருவையை வெட்டி, கட்டையை அடுக்கி, மண் பூசித் தீ வைத்துக் கரியாக்குகிற வேலை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். புருஷன் இல்லை. மகன் லாரியில் லோடு ஏற்றப் போவான். மருமகள் முருகேஸ்வரி. அந்த வீட்டுக்கு நான் போனபோது நாலரை மணி. அன்றைக்கு அது ஒன்பதாவது தாள். பத்து முடிக்க வேண்டும். ஐந்தரைக்குப் பஸ்.

பதினோராம் கேள்வி இது: மாதவிடாய் முற்றிலும் நின்றுவிட்டதா? பக்கத்தில் ஓர் அம்புக்குறி. ஆம் என்றால் பத்தொன்பதாம் கேள்விக்குச் செல்லவும். பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வரை ரத்தப்போக்கைப் பற்றிய கேள்விகள். நின்றுபோனவளுக்கு ரத்தப்போக்கு ஏது என்று தாள் தயாரித்தவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

“தூரம் நின்னுருச்சாக்கா?”

“அது நின்னு ஆறு வருசமாச்சு தாயி. ஆனா இப்ப ரெண்டு மாசமா…”

“நின்னுருச்சுல்ல, அது போதும். மத்தது ஒங்களுக்கு இல்லக்கா.”

அவள் வாயை மூடிக்கொண்டாள். நான் பத்தொன்பதுக்குப் போனேன். சர்க்கரை இருக்கிறதா. இல்லை. ரத்தக் கொதிப்பு. தெரியாது. கடைசியில் அவள் கைநாட்டு வைத்தாள். மை தேவைப்படவில்லை. விரலில் கரி இருந்தது.

பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். அந்த வாரம் தாள்களைச் சரிபார்த்த மேடம், ‘பாண்டியம்மா தாளில் ஒரு பிழை இல்லை’ என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அதுவும் ஞாபகம் இருக்கிறது.

எட்டு மாதம் கழித்து இரண்டாவது சுற்று. அதே வீடுகள், அதே கேள்விகள். எது மாறியிருக்கிறது என்று பார்ப்பதற்கு. மத்தியானம் இரண்டு மணி இருக்கும். வாசலில் முருகேஸ்வரி நின்றாள்.

“அத்தை வேலைக்குப் போகலக்கா. உள்ள படுத்திருக்காக.”

உள்ளே போகும்போதே வாடை அடித்தது. அந்த வாடை எனக்குத் தெரியும். சீனியம்மாள் பாதி ஆளாக இருந்தாள். பழைய சேலைகளைக் கிழித்து அடுக்கி வைத்திருந்தாள். துவைத்துக் காயப்போட்டது ஒரு பக்கம், போடாதது ஒரு பக்கம்.

“என்னக்கா இது? எத்தன நாளா?”

“நீ வந்துட்டுப் போனீல்ல, அதுக்கு முன்னாடி இருந்தே தாயி. அப்பப் பொட்டுப் பொட்டாத்தான் பட்டுச்சு. இப்ப நிக்க மாட்டேங்குது.”

“ஆஸ்பத்திரிக்குப் போகலையா?”

முருகேஸ்வரி குறுக்கே வந்தாள். “நான் எத்தன தடவ கூப்பிட்டேன் தெரியுமாக்கா? எதுக்கு வம்பா அலையணும்னுட்டாக.”

சீனியம்மாள் என்னைப் பார்த்துச் சொன்னாள். “நீதான தாளப் பாத்து, மத்தது ஒங்களுக்கு இல்லன்ன? டாக்டருமாரு எழுதுன தாளு. அதுல இது இல்லன்னா அப்ப இது சீக்கு இல்ல போலன்னு இருந்துட்டேன். இவகிட்டயும் அதத்தான் சொன்னேன். தாளுக்காரியே ஒண்ணுமில்லன்னுட்டா, நீ பேசாம இருடீன்னு.”

நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே. நாம் கேட்காமல் விடுகிற கேள்வியும் அவளுக்கு ஒரு பதில். நீங்கள் தாண்டிப் போனால் அவள் அதைப் பரிசோதனை முடிவு என்று எடுத்துக்கொள்வாள். உங்கள் கையில் தாள் இருக்கிறது, கழுத்தில் அட்டை தொங்குகிறது. நீங்கள் டாக்டர் இல்லை என்று உங்களுக்குத்தான் தெரியும்.

நான் வெளியே வந்து ஆய்வுக்குப் பொறுப்பான டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அவுக மீட்டிங்கில் இருந்தார்கள். குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

“பாண்டியம்மா, சுற்று முடியறதுக்குள்ள யாருக்கும் நாம ஆலோசனை சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல? நடுவுல தலையிட்டா ஆய்வு கெட்டுரும். கடைசியில எல்லாருக்கும் சேத்து முகாம் போடுவோம்.”

“அம்மா, ரத்தம் போகுதும்மா. ஆளு கெடையில கெடக்கு.”

“படிவத்துல என்ன வருதோ அதக் குறிச்சிட்டு வாங்க.”

“படிவத்துல அது வராதும்மா. அம்பு இருக்கு.”

“என்ன இருக்கு? சரி, நாளைக்குப் பேசுவோம்.” போனை வைத்துவிட்டார்கள்.

அந்த வாசலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று சொல்ல முடியாது. அதிக நேரம் இருக்காது. சொன்னபடி கேட்டால் வேலை இருக்கும். கேட்காவிட்டால் இருக்குமா தெரியாது. அப்போது எனக்கு வந்தது பயம் இல்லை. ஆங்காரம். டாக்டரம்மா மேல், தாள் மேல், எட்டு மாதம் முன்னால் பஸ்ஸுக்கு ஓடின என் கால் மேல். போனை அணைத்துப் பையில் போட்டேன்.

“முருகேஸ்வரி, பஸ்ஸு எப்ப?”

“மூணே காலுக்கு இருக்குக்கா. அத விட்டா அஞ்சரைக்குத்தான். அவுக வரட்டும், ஒரு வார்த்த கேட்டுட்டு…”

“ஒம் புருசன் லோடு ஏத்தி முடிச்சு வாரதுக்குள்ள ஆஸ்பத்திரியில கூட்டம் பாத்து முடிச்சிருவாக. ரெண்டு சேலைய எடுத்து மடி. ஆதாரு, ரேசன் கார்டு எடு.”

சீனியம்மாளை இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற்றினோம். சீட் காலியாக இருந்தது. அவள் உட்காரமாட்டேன் என்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஒக்காருங்கக்கா.”

“வேணாம் தாயி. சீட்டு வீணாப்போயிரும். பெறகு ஏறுறவுக வைவாக.”

“யாரும் வைய மாட்டாக. ஒக்காருங்க.”

“நீ சும்மா இரு. நான் நின்னே வாரேன்.”

நிற்க முடியவில்லை அவளால். பையில் எழுதாத தாள்கள் ஒரு கட்டு இருந்தது. எடுத்துப் பிரித்தேன். சீட்டில் தடிமனாக அடுக்கினேன்.

“இதுல ஒக்காருங்க. இதுக்காவது ஆகட்டும்.”

அவள் உட்கார்ந்தாள். அருப்புக்கோட்டை வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது அந்தத் தாள்களைச் சுருட்டித் தன் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். யாரும் பார்த்துவிடக் கூடாதாம்.

அருப்புக்கோட்டையில் பார்த்தார்கள். அன்றைக்கே மதுரைக்கு எழுதிக் கொடுத்தார்கள். மதுரையில் சதை எடுத்துச் சோதித்தார்கள். கர்ப்பப்பையில் புற்று. சோதித்த டாக்டர் சின்ன வயதுக்காரி. “ரத்தம் படத் தொடங்கினதுமே வந்திருந்தா…” என்று ஆரம்பித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். நிறுத்தியிருக்க வேண்டியதில்லை.

ஆபீஸில் விசாரணை வைத்தார்கள். அன்றைய வீடுகள் முடிக்கப்படவில்லை. படிவங்கள் சேதம். அனுமதி இல்லாமல் தலையீடு. மூன்றையும் ஒப்புக்கொண்டேன். அப்புறம் என் பங்குக்கு ஒன்று கேட்டேன். அந்த அம்புக்குறியை எடுங்கள் என்று.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்கள். “இது பல ஊர்ல பரிசோதிச்சு ஏத்துக்கிட்ட படிவம், பாண்டியம்மா. நாம ஒரு கேள்விய மாத்துனாலும் மத்த ஊரோட ஒப்பிட முடியாது.”

“ஒப்பிடுங்கம்மா. எல்லா ஊருத் தாளுலயும் அம்பு இருக்கு. எல்லா ஊருலயும் ஒரு சீனியம்மா இருப்பா. ஒப்பிட்டாச் சரியாத்தான் வரும்.”

அவுக கெட்டவர்கள் இல்லை. இந்தத் தொழிலில் நான் ஒரு கெட்டவரைக்கூடப் பார்த்ததில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் விதிப்படி நடந்தார்கள், ஒருத்தி எட்டு மாதம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மாதான் கேட்டார்கள், “இந்த அம்புல தாண்டுன வீடு எத்தன இருக்கும்?” எனக்குத் தெரியவில்லை. தாள்களை எடுத்துப் பார்க்க அனுமதி தந்தார்கள். வேலையை விட்டும் நிறுத்தவில்லை. அதுவரைக்கும் நல்லது செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். நான் ‘ஆம்’ என்று டிக் போட்டுத் தாண்டின ஒவ்வொரு வாசலுக்கும். தாள் எடுத்துப் போகவில்லை. “நின்னதுக்கு அப்புறம் எப்பவாச்சும் பட்டுச்சாக்கா?” என்று ஒரே கேள்வி. சில பேர் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி, “வயசான காலத்துல கேக்குற கேள்வியப் பாரு,” என்று விளக்குமாற்றை எடுத்தாள். இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். ஒருத்திக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. இன்னொருத்தி மல்லாங்கிணறில் பலசரக்குக் கடை வைத்திருப்பவள். அவளுக்கு இருந்தது. ஆரம்பம். கர்ப்பப்பையை எடுத்தார்கள். இன்றைக்கும் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள். என்னைக் கண்டால், “ஏத்தா தாளு, இன்னைக்கு என்ன கேக்கப்போற?” என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவாள். கத்தட்டும்.

அடுத்த ஆய்வில் அந்த அம்புக்குறி இல்லை. அதற்குள் இரண்டு வருஷம் ஓடியது. அந்த இரண்டு வருஷமும் தாளின் ஓரத்தில் எழுதினேன். கட்டத்துக்குள் அடங்காததை எல்லாம் ஓரத்தில். கம்ப்யூட்டர் ஓரத்தை எடுத்துக்கொள்ளாது என்றார்கள். எடுத்துக்கொள்ளாமல் போகட்டும், படிக்கிற கண் ஒன்றாவது இருக்கும் என்று எழுதினேன். உங்கள் சிலேட்டில் ஓரம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இல்லாவிட்டால் ஒரு நோட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி ‘ஆனா’ என்று ஆரம்பித்தால் பஸ் போகட்டும்.

சீனியம்மாள் அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தாள். மதுரை வார்டில் மூன்றாவது தடவை பார்க்கப் போனபோது முருகேஸ்வரி சாப்பாடு வாங்கக் கீழே போயிருந்தாள். சீனியம்மாள் விழித்திருந்தாள். விரல் ரேகையில் ஊறியிருந்த கரியும் போயிருந்தது. அவளை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“தாயி, அந்தத் தாளு வச்சிருக்கியா?”

“எந்தத் தாளுக்கா?”

“அதான், நீ கேப்பீல்ல. அன்னைக்கு எனக்கு இல்லன்னு கொஞ்சத்த விட்டியே. அத இப்பக் கேளு.”

“இப்ப எதுக்குக்கா அது?”

“கேளு. என்னதான் கேட்டுருக்காகன்னு தெரிஞ்சுக்கிறேன்.”

பையில் ஒன்று இருந்தது. எடுத்து மடியில் வைத்து, பன்னிரண்டிலிருந்து வாசித்தேன். எப்போது தொடங்கியது. எத்தனை நாள் பட்டது. கட்டி கட்டியாகப் போனதா. ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னாள். பொங்கலுக்கு முன்னாடி, இல்லை, மூட்டம் பிரித்த வாரம் என்று திருத்தினாள். இதனால் அன்றாட வேலை தடைப்பட்டதா என்பதற்கு, “எங்க தடைப்பட்டுச்சு? கட்ட அடுக்கிக்கிட்டுத்தான இருந்தேன்,” என்றாள். நான் எழுதினேன்.

விட்டதில் பதினெட்டாம் கேள்விதான் கடைசி. இதைப் பற்றி யாரிடமாவது சொன்னீர்களா?

“சொன்னேனே.”

“யாருகிட்டக்கா?”

“ஒங்கிட்டத்தான். மொத ஆளு நீதான் தாயி.”

குற்றம் சொல்கிற குரல் இல்லை. கேள்விக்குப் பதில் சொன்னாள். அவ்வளவுதான்.

கணவர். தாய். செவிலியர். மருத்துவர். யாரிடமும் இல்லை. ஐந்து கட்டம் இருந்தது. எனக்கு அதில் கட்டம் இல்லை.

ஓரத்தில் என் பெயரை எழுதினேன்.